வெறும் வாளிய மொதல்ல நிறுங்க

யுனிவர்சிட்டில முதல் வருஷம் நான் எழுதுன முதல் பெரிய அசைன்மென்ட் திரும்பி கைக்கு வந்தப்ப, கடைசி பக்கத்துல செவப்பு மையில மலாய்ல மூணே மூணு வார்த்தை இருந்துச்சி. "மானா ஹுஜா அவாக்?" உங்க வாதம் எங்கன்னு அர்த்தம். அதுக்கு கீழ சி பிளஸ். 12 பக்கம், 17 புத்தகமும் கட்டுரையும் மேற்கோள் காட்டி, ராத்திரி மூணு மணி வரைக்கும் ஹாஸ்டல் ஸ்டடி ரூம்ல உக்காந்து டைப் பண்ணது. தலைப்பு என்னன்னா, மலேசியாவுல ரப்பர் தோட்டத்து தமிழ்ப்பள்ளிங்க ஏன் மூடப்பட்டன. நான் தோட்டத்துல பொறந்தவ, தோட்டத்து பள்ளிலதான் படிச்சேன், என் கண்ணு முன்னாலதான் அந்த பள்ளிய டவுன் பக்கம் மாத்துனாங்க. எனக்கு தெரியாத விஷயமாங்கற எண்ணத்துலதான் எழுதுனேன், அதனாலதான் அந்த மூணு வார்த்தை ரொம்ப வலிச்சிச்சி.

இது 2008ல நடந்தது. இப்ப நான் சனிக்கிழமை காலையில யுனிவர்சிட்டிக்கு முந்தின ஆறாம் படிவம் படிக்கிற புள்ளைங்களுக்கு கோயில் மண்டபத்துல கிளாஸ் எடுக்குறேன், அவங்க கோர்ஸ்வொர்க்ல நான் அப்ப பண்ண அதே தப்ப அப்படியே பாக்குறேன். அதனாலதான் உக்காந்து எழுதணும்னு தோணுச்சி, யாராவது ஒரு புள்ளைக்கு அந்த மூணு வார்த்தைய சம்பாதிக்கறதுக்கு முன்னாலயே இது கிடைச்சா நல்லா இருக்கும்.

அந்த செமஸ்டர் லீவுல ஊருக்கு வந்தேன். சுங்கை சிப்புட் தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவுல உள்ள ஊரு, சுத்தியும் ஒரு காலத்துல பால்மரக் காடு, இப்ப பாதிக்கு மேல பாமாயில் எடுக்குற செம்பனை. 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத்து தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்கார தொரைங்கள சுட்டுக் கொன்னுட்டாங்க, அதுக்கப்பறம்தான் கம்யூனிஸ்டுங்கள அடக்க பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவிச்ச அவசரகாலம் வந்துச்சி, அதனால வரலாற்று புத்தகத்துல எங்க ஊரு பேரு எப்பவும் இருக்கும். ம.இ.கா. தலைவராவும் மந்திரியாவும் இருந்த துன் சம்பந்தன் பொறந்த ஊரும் இதான். நாங்க அப்பவே தோட்டத்து வரிசை வீடான லயத்த விட்டு வெளிய வந்து தாமான்ல, அதாவது டவுன் குடியிருப்புல, மலிவு வீட்டுல இருந்தோம்.

அம்மா 28 வருஷம் மரம் வெட்டுனவங்க, அதாவது பால்மரத்து பட்டைய சீவி ரப்பர் பால் எடுக்குற வேலை. நான் மூஞ்சிய தூக்கி வெச்சிட்டு இருக்கறத பாத்து என்னன்னு கேட்டாங்க, நான் பேப்பர காட்டுனேன். அம்மாவுக்கு மலாய் எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். "வாதம் எங்கன்னு கேக்குறாரா? நீ என்னா சொல்ல வந்த?" அப்படின்னாங்க. பள்ளி மூடுனத பத்திம்மான்னேன். "அதான் எல்லாருக்கும் தெரியுமே, அதுல நீ என்னா சொல்ற?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அம்மா அதோட விட்டுட்டு வெங்காயம் உரிக்க போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி படுத்திருக்கும்போது எனக்கு சின்ன வயசுல தோட்டத்துல பால் நிறுக்குற ஸ்டோர்ல பாத்த ஒரு சம்பவம் ஞாபகம் வந்துச்சி, அத கொஞ்சம் விவரமா சொல்லணும்.

பள்ளி லீவுன்னா நான் அம்மா கூட காட்டுக்கு போவேன். தன் நெரைய, அதாவது மர வரிசைய, வெட்டி முடிச்சி, மரத்துல கட்டுன மங்கு கோப்பைல வடிஞ்ச பால எல்லாம் வாளில ஊத்தி, காண்டா கம்பு போட்டு ரெண்டு பக்கமும் வாளிய தொங்கவிட்டு தோள்ல தூக்கிட்டு ஸ்டோருக்கு வருவாங்க. அங்க வரிசையா நிக்கணும், தராசு பக்கத்துல கணக்கு எழுதுற கிராணி நோட்டோட நிப்பாரு. வாளியோட சேத்து நிறுத்துட்டு, வாளிக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சிட்டு மிச்சத்த பேருக்கு நேரா எழுதுவாரு. அப்பறம் ஒரு சின்ன கரண்டி பால தனியா எடுத்து ஆசிட் விட்டு கட்டியாக்கி, தண்ணிய பிழிஞ்சி, காய வெச்சி நிறுத்து, அதுல ரப்பர் எத்தன சதவீதம்னு பாப்பாங்க, அதுதான் டி.ஆர்.சி. மழை பெஞ்ச நாளுல வாளி நெறைய பால் இருக்கும் ஆனா டி.ஆர்.சி. கீழ எறங்கிரும், தண்ணிதானே. கூலி ரப்பருக்குத்தான், தண்ணிக்கு இல்ல.

அந்த வருஷம் அம்மா பழைய தகர வாளிய போட்டுட்டு பிளாஸ்டிக் வாளி வாங்கியிருந்தாங்க, தோளு வலி தாங்க முடியலன்னு. ஒரு நாளு கிராணி வழக்கம்போல ரெண்டு கிலோ கழிக்கிறப்ப அம்மா சொன்னாங்க, "கிராணியய்யா, வெறும் வாளிய மொதல்ல நிறுங்க." அவரு, "எல்லா வாளிக்கும் ரெண்டு கிலோ கழிக்கிறதுதாம்மா வழக்கம்"னாரு. "அது தகர வாளிக்குங்கய்யா. இது பிளாஸ்டிக்கு." பின்னால நின்னவங்க எல்லாம் நேரமாவுதுன்னு சத்தம் போட்டாங்க, மேற்பார்வை பாக்குற மண்டோரு மொறைச்சாரு, அம்மா நகரல. கடைசில பால தொட்டில ஊத்திட்டு வாளிய மட்டும் தராசுல வெச்சாங்க, ஒண்ணே கால் கிலோ. ஒரு வாளிக்கு முக்கா கிலோ, ரெண்டு வாளிக்கு ஒண்ணர கிலோ, மாசத்துக்கு 25 நாளு வேலைன்னா 37 கிலோவுக்கு மேல பால், அதுல மூணுல ஒரு பங்குதான் ரப்பருன்னாலும் 12 கிலோ காசு கையவிட்டு போவுது. ஒரு வாரம் இழுத்தடிச்சாங்க, அப்பறம் பிளாஸ்டிக் வாளிக்கு தனி கழிவு போட்டாங்க.

இதுல அம்மா என்னா பண்ணாங்கன்னு கவனிங்க. தராசு பொய் சொல்லுதுன்னு சொல்லல, கிராணிய திருடன்னு சொல்லல. தராசு காட்டுன எண்ணு சரி, கழிச்சி எழுதுன கணக்கும் சரி. நடுவுல யாரும் வாய தொறந்து சொல்லாத ஒரு நம்பிக்கை இருந்துச்சி, எல்லா வாளியும் ஒரே எடைன்னு. அதத்தான் அம்மா தூக்கி தராசுல வெச்சாங்க.

ரெண்டாவது வருஷத்துல ஸ்டீபன் டூல்மின்னு ஒரு பிரிட்டிஷ் தத்துவ அறிஞர பத்தி படிச்சேன், 1958ல வாதம் எப்படி கட்டப்படுதுன்னு ஒரு புத்தகம் எழுதுனவரு. முடிவு ஒண்ணு இருக்கும், அதுக்கு ஆதாரம் ஒண்ணு இருக்கும், ஆதாரத்துலேர்ந்து முடிவுக்கு நம்மள கூட்டிட்டு போற ஒரு பாலம் இருக்கும், அந்த பாலம் பெரும்பாலும் எழுதப்படாமலேயே கெடக்கும்னு அவரு காட்டுறாரு. படிச்சப்ப எனக்கு வேற எதுவும் ஓடல, அந்த பிளாஸ்டிக் வாளிதான் கண்ணுல நின்னுச்சி. ஆளுங்க கிரிட்டிக்கல் திங்கிங்னு பெருசா சொல்றாங்க, பள்ளில உயர்நிலைச் சிந்தனைன்னு 2013லேர்ந்து கல்வி பெருந்திட்டத்துல வந்து எல்லா டீச்சரும் அந்த வார்த்தைய சொல்றாங்க, ஆனா அந்த பாலத்த தேடி பாக்குறதுதான் அதோட உயிருன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல, ஸ்டோர்லதான் பாத்தேன்.

சரி, என் கட்டுரைக்கு வர்றேன். லீவுல மஞ்ச ஹைலைட்டர் ஒண்ணு வாங்கி, 12 பக்கத்துலயும் என் சொந்த வாக்கியம் எதுவோ அத மட்டும் மஞ்சளாக்குனேன். மத்தவங்க சொன்னத என் வார்த்தைல மாத்தி எழுதுனது எல்லாம் கணக்குல வராது. நாலு வரி தேறுச்சி. அந்த நாலுல ரெண்டு "இது மிகவும் வருத்தத்திற்குரியது" மாதிரி வரி. 17 மேற்கோள், நாலு வரி. வாளி நெறைய இருக்கு, டி.ஆர்.சி. இல்ல. இந்த ஹைலைட்டர் வேலைய நான் இப்பவும் என் புள்ளைங்கள முதல் நாளே செய்ய சொல்றேன், பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும், வேற எந்த விளக்கமும் இந்த அளவுக்கு உள்ள எறங்குறதில்ல.

அந்த நாலு வரில ஒண்ணு என் மொத்த கட்டுரைக்கும் முதுகெலும்பா இருந்த வரி. இப்படி எழுதியிருந்தேன், "1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தற்போது 523 மட்டுமே உள்ளன. இது தமிழர்களிடையே தாய்மொழிப் பற்று குறைந்துவிட்டதைக் காட்டுகிறது." நம்ம மேடைல எத்தன வாட்டி கேட்ருப்போம் இத. எண்ணு ரெண்டும் சரியான எண்ணுதான். பாலம் என்னா? பள்ளி எண்ணிக்கை கொறைஞ்சா பற்று கொறைஞ்சிருச்சின்னு அர்த்தம், அதான் பாலம். அத தராசுல வெச்சி பாத்தேனா? இல்ல.

காலண்டர்லேர்ந்து ஒரு தாள கிழிச்சி பின்பக்கத்துல கோடு போட்டு எழுத ஆரம்பிச்சேன். 1957ல 888 பள்ளில எத்தன புள்ளைங்க? 50,000 சொச்சம். அப்ப ஒரு பள்ளிக்கு சராசரி 57 பேரு. 2008 வாக்குல 523 பள்ளில எத்தன பேரு? ஒரு லட்சத்துக்கு மேல. ஒரு பள்ளிக்கு 200 பேரு கிட்ட. பள்ளி கொறைஞ்சிருக்கு, புள்ளைங்க ரெண்டு மடங்கா ஆயிருக்கு! இத கண்ணால பாத்தப்ப எனக்கு உடம்பே ஒரு மாதிரி ஆயிருச்சி, ஏன்னா நான் 12 பக்கம் எழுதுனது இந்த ஒரு கேள்விய கேக்காமலேயே. பற்று கொறைஞ்சதுன்னா புள்ளைங்க எண்ணிக்கைதானே மொதல்ல விழணும்.

அப்ப பள்ளிங்க எங்க போச்சி? இங்கதான் நான் படிச்ச 17 புத்தகமும் திடீர்னு உயிரோட வந்துச்சி, அது வரைக்கும் அதெல்லாம் வெறும் பேருதான். பிரிட்டிஷ் காலத்து தொழிலாளர் சட்டத்துல, தோட்டத்துல 7 வயசுக்கும் 14 வயசுக்கும் நடுவுல பத்து புள்ளைங்க இருந்தாலே முதலாளி பள்ளி வெக்கணும்னு இருந்துச்சி, அதனால ஒவ்வொரு தோட்டத்துலயும் கைப்புள்ளைங்கள பாத்துக்குற ஆயாக்கொட்டாய்க்கு பக்கத்துல ஒரு கொட்டாய், ஒரே வாத்தியாரு, அதுவும் ஒரு பள்ளின்னு கணக்கு. 1950கள்லயும் 60கள்லயும் வெள்ளைக்காரங்க தோட்டத்த துண்டு போட்டு வித்தாங்க, துண்டானதும் ஆளுங்கள கொறைச்சாங்க. 1969ல குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் விதி வந்து ஆயிரக்கணக்கான குடும்பம் இந்தியாவுக்கு கப்பலேறிச்சி. பால்மரத்த வெட்டிட்டு செம்பனை நட்டாங்க, செம்பனைக்கு அவ்ளோ ஆளு வேணாம். பக்கத்து பக்கத்து சின்ன பள்ளிங்கள ஒண்ணா சேத்தாங்க. ஆளு டவுனுக்கு நகந்துச்சி, சில டவுன் பள்ளி நெரம்பி வழிஞ்சிச்சி, காட்டு பள்ளி காலியாச்சி. இதுல பற்று எங்க வருது? வரலாம், வராமலும் இருக்கலாம், ஆனா 888லேர்ந்து 523ன்ற எண்ண வெச்சி மட்டும் அத சொல்ல முடியாது.

திருத்தி எழுதுன வரி இது: "1957இலிருந்து பள்ளிகளின் எண்ணிக்கை குறைந்தாலும் மாணவர் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகியுள்ளது. ஆகவே பள்ளிகள் குறைந்ததைத் தாய்மொழிப் பற்றின் வீழ்ச்சி என்பதைவிடத் தோட்டப் பொருளாதாரம் கலைந்ததன் விளைவு என்று கொள்வதே பொருந்தும்." அழகான வாக்கியம்னு சொல்ல வரல. ஆனா இதுல ஒருத்தரு வந்து என்கூட சண்ட போடறதுக்கு எடம் இருக்கு, அதுதான் ஹுஜா. முன்னால எழுதுனதுல சண்ட போடவே ஒண்ணும் இல்ல, தலைய ஆட்டிட்டு போவாங்க.

அதோட நிக்கல. என் புது முடிவையும் அதே தராசுல வெக்கணும்ல. மாணவர் எண்ணிக்கை ஏறுனது பற்றுனாலயா, இல்ல இந்தியர் மக்கள்தொகையே ஏறுனதாலயா? அந்த 50 வருஷத்துல மக்கள்தொகையும் ஏறியிருக்கு, அதனால "பற்று கூடியிருச்சி"ன்னு நான் எழுதியிருந்தா அதுவும் அதே தப்பு, திசைதான் வேற. பதிவான புள்ளைங்கள மட்டும் எண்ணாம, பள்ளி வயசு இந்திய புள்ளைங்கள்ல நூத்துக்கு எத்தன பேரு தமிழ்ப்பள்ளிக்கு போறாங்கன்னு பாத்தாத்தான் பற்ற பத்தி வாயத் தொறக்கலாம். இப்ப 2008க்கு அப்பறம் நெலம மறுபடி மாறிருச்சி, புள்ளைங்க 80,000 கிட்ட எறங்கிட்டாங்க, பள்ளி 528. உடனே "பாத்தியா, பற்று போச்சி"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. பிறப்பு விகிதம் எவ்ளோ விழுந்திருக்குன்னு அதுக்கு முன்னால பாக்கணும். சராசரியையும் நம்பக்கூடாது, 528 பள்ளிக்கு 80,000னா ஒரு பள்ளிக்கு 150 வரும், ஆனா நெசத்துல ஆயிரத்துக்கு மேல புள்ளைங்க இருக்குற பள்ளியும் இருக்கு, பத்து பேருக்கும் கீழ இருக்குற பள்ளியும் இருக்கு, 150ன்றது அந்த ரெண்டையுமே காட்டாது.

அந்த அசைன்மென்ட மறுபடி குடுக்க வழி இல்ல, மார்க்கு மாறாது. ஆனாலும் திருத்துனத எடுத்துட்டு போயி அந்த லெக்சரர்கிட்ட காட்டுனேன். அவரு நின்னுகிட்டே படிச்சாரு, அப்பறம் உக்காந்து படிச்சாரு. கடைசில அவரு கேட்ட கேள்வி, "1912ன்னு ஒரு எடத்துல போட்ருக்கீங்க, 1923ன்னு ஒரு எடத்துல போட்ருக்கீங்க, பள்ளி வெக்கணும்னு சொன்ன சட்டம் எந்த வருஷம்?" நான் ரெண்டு புத்தகத்துலேர்ந்து எடுத்தேன், ஒண்ணுல 1912, இன்னொண்ணுல 1923. ரெண்டு பேருல யாரு தப்புன்னு கேட்டேன். அவரு சிரிச்சிட்டு, தொழிலாளர் சட்டத் தொகுப்பு ரெண்டு வருஷத்துலயும் வந்திருக்கு, ஒவ்வொருத்தரும் எத சொல்றாங்கன்னு மூலத்த பாருங்கன்னாரு. ரெண்டு ஆதாரம் மோதுனா ஒருத்தரு பொய்யின்னு நெனைக்கக்கூடாது, ரெண்டு பேரும் வேற வேற பொருள பத்தி பேசிட்டு இருக்கலாம், இத நான் அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்.

இப்ப சனிக்கிழமை கிளாஸ பத்தி சொல்றேன். நம்ம புள்ளைங்ககிட்ட நான் பாக்குற பெரிய தடை அறிவு இல்ல, மரியாத. புத்தகம் எழுதுனவரு பேராசிரியரு, அவர நான் எப்படி டீச்சர் கேள்வி கேக்குறதுங்கறாங்க. பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதன்னு வளந்த புள்ளைங்க, நானும் அப்படி வளந்தவதான், அந்த வளப்பு தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். போன வருஷம் ஒரு பையன் 1960ல துன் சம்பந்தன் ஆரம்பிச்ச தேசிய நில நிதி கூட்டுறவு சங்கத்த பத்தி எழுதுனான். தோட்டத்த துண்டு போட்டு விக்கறப்ப தொழிலாளிங்களே பங்கு போட்டு தோட்டத்த வாங்கட்டும்னு வந்த சங்கம். பத்து பக்கமும் புகழ்ச்சி. "தம்பி, இந்த திட்டம் எந்த பிரச்சனைய தீக்க வந்துச்சி, அந்த பிரச்சனை எவ்ளோ தீந்துச்சி, எவ்ளோ தீரல, அத எழுதுப்பா"ன்னேன். "டீச்சர், எங்க தாத்தா அந்த சங்கத்துல பங்கு வாங்குனவரு, கொற சொன்னா தாத்தாவுக்கு மனசு கஷ்டமாவும்"னான். அவன் சொன்னதுல உண்மையான வலி இருந்துச்சி, அதனால நான் உடனே பதில் சொல்லல.

அப்பறம் அவன்கிட்ட அம்மா கதைய சொன்னேன். அம்மா கிராணிய அய்யான்னுதான் கூப்ட்டாங்க, கடைசி வரைக்கும் அய்யாதான். வாளிய நிறுக்க சொன்னதுல மரியாத எங்கயும் கொறையல. ஒரு ஆளோட வேலைய எடை போட்டு பாக்குறோம்னா அந்த வேலைய அவ்ளோ முக்கியமா நெனைக்கிறோம்னு அர்த்தம், வேலைக்காகாதத யாரும் நிறுக்க மாட்டாங்க. கிரிட்டிக்கல்ங்கிற வார்த்தையே கிரேக்க மொழில பிரிச்சி பாத்து முடிவு சொல்றதுங்கற அர்த்தத்துலேர்ந்து வந்ததுதான், திட்றதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பையன் வீட்டுக்கு போயி தாத்தாகிட்டயே கேட்ருக்கான், சங்கத்துல என்னா நல்லது நடந்துச்சி, என்னா நடக்கலன்னு. தாத்தா ரெண்டு மணி நேரம் பேசியிருக்காரு. அவன் கட்டுரைல இருந்த நல்ல பக்கம் எல்லாம் அந்த ரெண்டு மணி நேரத்துலேர்ந்து வந்தது, ஆனா தாத்தா சொன்னதையும் ஒரு ஆளோட ஞாபகம்னுதான் எழுதணும், நடந்த எல்லாமேன்னு எழுதக்கூடாதுன்னு சொல்லி வெச்சேன்.

ஆரம்பத்துல புள்ளைங்களுக்கு பயிற்சி குடுக்க நான் எடுக்குறது ரப்பர் விதை கதை. கோலகங்சார் நமக்கு பக்கம், அங்க மாவட்ட அலுவலகத்துகிட்ட வேலி போட்டு வெச்சிருக்குற பழைய ரப்பர் மரத்த எல்லாரும் பாத்திருப்பாங்க. கதை எல்லாருக்கும் மனப்பாடம், 1876ல ஹென்றி விக்கம்னு ஒரு வெள்ளைக்காரரு பிரேசில்லேர்ந்து 70,000 விதைய திருடிட்டு லண்டன்ல கியூ தோட்டத்துக்கு கொண்டு போனாரு, 1877ல அங்கேர்ந்து 22 நாத்து சிங்கப்பூருக்கு வந்துச்சி, அதுல ஒம்போத கோலகங்சார்ல நட்டாங்க. எல்லா புள்ளைங்களும் "திருடினார்"னுதான் எழுதுவாங்க. நான் கேக்குறது ஒரே ஒரு கேள்வி, திருட்டுன்னு எப்படி சொல்ற?

தேடி பாப்பாங்க. அந்த காலத்துல ரப்பர் விதைய வெளிய கொண்டு போவக்கூடாதுன்னு பிரேசில்ல சட்டம் எதுவும் இல்லன்னு வரலாற்று ஆய்வாளருங்க எழுதியிருக்காங்க, அந்த கடத்தல் சாகச கதைய விக்கமே பின்னால கொஞ்சம் கூட்டி சொன்னாருன்னும் எழுதியிருக்காங்க. அதே 1876ல ராபர்ட் குரோஸ்னு இன்னொருத்தரும் பிரேசில்லேர்ந்து நாத்து கொண்டு வந்தாரு, நம்ம நாட்டு மரத்துக்கு மூலம் விக்கம் விதையா குரோஸ் நாத்தான்னே வாதம் நடந்திருக்கு. ஆக ஒரே வரில மூணு எடத்துல ஓட்டை. இது தெரிஞ்சதும் புள்ளைங்க வேகமா "அப்ப திருட்டு இல்ல"ன்னு மாத்தி எழுத போயிருவாங்க, ஒரு வாட்டி ஒரு பொண்ணு மட்டும் எழுதாம உக்காந்திருந்தா. என்னாம்மான்னேன். "டீச்சர், சட்டம் இல்லன்னா திருட்டு இல்லையா? அந்த மரத்த காலங்காலமா பயன்படுத்துன காட்டு மக்கள்கிட்ட யாரு கேட்டா?"ன்னா.

மண்டபம் அமைதியாயிருச்சி. இத்தன வருஷத்துல நான் கேட்ட நல்ல கேள்விங்கள்ல அது ஒண்ணு. அவ என்னா பண்ணிட்டான்னா, எண்ணையும் வருஷத்தையும் விட்டுட்டு வார்த்தைய தராசுல வெச்சிட்டா. திருட்டுன்னா சட்ட மீறலா, இல்ல உரியவங்க சம்மதம் இல்லாம எடுக்குறதா? மொதலாவதுன்னா விக்கம் திருடல. ரெண்டாவதுன்னா கேள்வி தொறந்தே கெடக்கு. கட்டுரைல முக்கியமான வார்த்தைய எந்த அர்த்தத்துல பயன்படுத்துறோம்னு முதல் பக்கத்துலயே சொல்லிரணும்னு நான் பத்து வாட்டி சொல்லியிருப்பேன், அன்னைக்குத்தான் எல்லாருக்கும் அது ஏன்னு புரிஞ்சிச்சி.

நடைமுறைல நான் என்னா செய்ய சொல்றேன்னா, ஒரு நோட்டு புத்தகம், ஒவ்வொரு பக்கத்தையும் மேலேர்ந்து கீழ கோடு போட்டு மூணு பத்தியா பிரிச்சிக்கணும். மொத பத்தில ஆசிரியர் என்னா சொல்றாரு. ரெண்டாவதுல அத எத வெச்சி சொல்றாரு, ஆவணமா, நேர்காணலா, இன்னொருத்தரு புத்தகமா, ஒண்ணுமே இல்லையா. மூணாவதுல எனக்கு என்னா தோணுது, எங்க இடிக்குது. மூணாவது பத்தி நெரம்பாத புத்தகத்த கட்டுரைல சேக்கக்கூடாது, அது மேற்கோள் பட்டியல நீட்டுமே தவிர வேற ஒண்ணும் பண்ணாது. மொத பத்தியோட நிறுத்திட்டா அது வெறும் வாளி.

இன்னொண்ணு, மலாய்ல எழுதுற புள்ளைங்களுக்கு. "ஒலே இத்து"ன்னு போடுவோம்ல, ஆகவேன்னு அர்த்தம், அத நம்ம புள்ளைங்க ரெண்டு வாக்கியத்த ஒட்டுற பசை மாதிரி போடுறாங்க. எழுதி முடிச்சதும் ஒவ்வொரு ஒலே இத்துவையும் வட்டம் போடுங்க. முன்னால உள்ள வாக்கியத்த மட்டும் படிச்சிட்டு பின்னால உள்ளது தானா வருமான்னு பக்கத்துல உக்காந்திருக்கறவன கேளுங்க. வராதுன்னான்னா பாலம் ஒடைஞ்சிருக்குன்னு அர்த்தம், ஒண்ணு நடுவுல ஒரு வாக்கியம் சேக்கணும், இல்ல அந்த ஆகவேய எடுத்துரணும். தமிழ்ல யோசிச்சிட்டு மலாய்ல எழுதறது கொறைன்னு நெனைக்காதீங்க, பாலத்த மொதல்ல வீட்டு தமிழ்ல வாய்விட்டு சொல்லி பாருங்க, "இது இப்படி இருக்கு, அதனாலதான் அது அப்படி ஆச்சி"ன்னு அம்மாகிட்ட சொல்ற மாதிரி. சொல்ல வரலன்னா எழுத வராது.

எதிர் வாதத்த ஒரு வரில போட்டு ஒரு வரில அடிச்சி போட்றதும் வேண்டாம். உங்க முடிவ ஒத்துக்காத ஆளுகள்ல ரொம்ப விவரமான ஆளு யாரோ, அவரு என்னா சொல்லுவாருன்னு எழுதுங்க. என் பள்ளி கட்டுரைல நான் அப்படி எழுதுனது, பற்று கொறையலன்னா தமிழ் வாத்தியாருங்களே சில பேரு தன் புள்ளைங்கள வேற பள்ளிக்கு அனுப்புறது ஏன்னு. அதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல, இல்லன்னே எழுதுனேன், அந்த பத்திக்கு பக்கத்துலதான் லெக்சரர் டிக் போட்ருந்தாரு.

ஏ.ஐ. பத்தி கேக்குறாங்க, சுருக்கமா சொல்லிர்றேன். இந்த வருஷம் ஒரு புள்ளை கொண்டு வந்த கட்டுரைல ஆறு புத்தகம் பேரு இருந்துச்சி, தேடி பாத்தா மூணு புத்தகம் உலகத்துலயே இல்ல. வாட்ஸ்அப்ல வர்ற செய்திக்கு என்னா சோதனையோ அதே சோதனைதான் இதுக்கும், யாரு நிறுத்தது, எந்த தராசு, மூலத்த கண்ணால பாத்தியா. பாக்காத புத்தகத்த பேரு போடாதீங்க, அவ்ளோதான்.

விக்கம் கேள்வி கேட்ட அந்த பொண்ணு இப்ப அதையே கோர்ஸ்வொர்க் தலைப்பா எடுத்திருக்கா. போன சனிக்கிழமை நோட்ட கொண்டு வந்து காட்டுனா, ஏழு பக்கம், மூணு பத்தியும் நெரம்பியிருக்கு, கடைசி பக்கத்துல மட்டும் ரெண்டாவது பத்தி காலி. "டீச்சர், இவரு காட்டு மக்கள்தான் விதைய பொறுக்கி குடுத்தாங்கன்னு எழுதியிருக்காரு, ஆனா எத வெச்சி சொல்றாருன்னு போடல. நான் ஏதாச்சும் எழுதிரவா?"ன்னா. வேணாம்மா, காலியா விடுன்னேன். அடுத்த வாரம் கிளாஸ் மண்டபத்துல இல்ல, காலையில ஏழு மணி பஸ்ஸுல ஈப்போ போயி துன் ரசாக் நூலகத்துல தேடுறதா முடிவு பண்ணியிருக்கோம். அம்மாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க, எட்டு பேருக்கும் நாசி லெமாக் சோறு கட்டிக் குடுக்கறது அவங்க பொறுப்பாம்.